வாசல் கிண்ணம்

செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் வேன் நிற்கிறது. எங்கள் சபைக் கன்னியர் முன்பு வாழ்ந்த மடம் இப்போது ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரியின் வீடு.

"யாரும் சிலுவை அடையாளம் போட்டுக்காதீங்க. எடத்தத் திருப்பிக் கேக்க வந்திருக்கோம்னு நெனச்சிடுவாங்க" என்று இறங்கும்போது மறுபடியும் எச்சரிக்கிறார் மதர்.

வீட்டுக்கார அம்மாள் ஒற்றைக் கதவை மட்டும் திறந்து நிற்கிறார். முகத்தில் சிரிப்பில்லை. "சும்மா பாத்துட்டுப் போயிடறோம்மா" என்று மதர் சொல்லி வாய் மூடவில்லை, எங்களில் மூத்தவரான ரொசாரி சிஸ்டரின் கை, நிலைப்படி ஓரச் சுவரில் பதித்த கல் கிண்ணத்துக்குப் போய்விடுகிறது. பழகிய கை. அந்தக் காலத்தில் அதில் தீர்த்தம் இருக்கும். இப்போது குங்குமம். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று வெள்ளைச் சேலையெல்லாம் சிவப்பு.



"இன்னா சிஸ்டர், அது கண்ணாலம் ஆனவங்க வெச்சிக்கிறதாச்சே!" என்கிறார் அந்த அம்மாள்.

ரொசாரி சிஸ்டர் துடைத்துக்கொள்ளவில்லை. இயேசுவையே மணவாளனாக ஏற்று நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த அன்று அணிந்த மோதிரத்தை நீட்டிக் காட்டுகிறார்.

"எனக்கும் ஆச்சும்மா. இந்த வீட்லதான்."

மதர் கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த அம்மாள் மோதிரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு தாழ்ப்பாளை நீக்கி, இன்னொரு கதவையும் திறக்கிறார்.