வாடித் தராசில் நிறுத்த சூட்கேஸ்

கட்டாருக்குப் போகும்போது விமானக் கம்பனி எனக்குத் தந்தது முப்பது கிலோ. அதில் என் பங்கு எவ்வளவு என்பதை ஊர் தீர்மானித்தது.

சண்டை முடிந்து, கடலுக்குப் போகப் பாஸ் எடுக்கிற கரைச்சலும் ஓய்ந்திருந்த காலம். என்னை நிக்காஹ் செய்த மாப்பிள்ளைக்குத் தோஹாவில் ஸ்டோர் கீப்பர் வேலை. குடும்ப விசா கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! நிக்காஹ் பத்திரத்தை இங்கிலீசில் எழுத ஒரு நாள், அதற்கு முத்திரை குத்தக் கொழும்பில் இரண்டு நாள், காது தெரியப் படம் எடுக்க ஒரு நாள். "என்ட புள்ளட காதுக்கா விசா குடுக்குறாங்க?" என்று உம்மா ஸ்டூடியோக்காரனோடு சண்டைக்கே போய்விட்டா. மாப்பிள்ளை தினமும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். சோப் வேணாம், சீனி வேணாம், இங்க எல்லாம் இருக்கு, கருவாடு மட்டும் மறக்காம கொண்டு வா. அவர் விசா எடுத்தது எனக்கா, கருவாட்டுக்கா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்தது.

எனக்கு ஒரே ஒரு சாமான்தான் முக்கியம். என் தையல் மெஷின். கையால் சுற்றுகிற வகை, மேசையும் காலும் இல்லாதது. எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையில் பாதிப் பெண்களின் அபாயா அதில் தைத்ததுதான். "அங்க என்னத்துக்கு மெஷின்? நான் உழைக்கிறன்தானே" என்றார் மாப்பிள்ளை. உழைக்கிறவர் காலை ஐந்து மணிக்குப் போனால் மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் வருவார். அதுவரைக்கும் அந்த ஒற்றை அறையில் நான் யாருடைய முகத்தைப் பார்ப்பது? மெஷின் இல்லாவிட்டால் அங்கே நானும் மூலையில் கிடக்கிற ஒரு கதிரை. உடுப்பைக் குறைத்தாலும் குறைப்பேன், மெஷினை விடமாட்டேன் என்று நின்றேன்.

நான் உடுப்பைக் குறைக்கிறேன் என்ற செய்தி காற்றில் போனதோ என்னவோ, இடம் இருக்கிறது என்று ஊர் விளங்கிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அந்தச் சூட்கேஸ் பொதுச் சொத்து. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி மகனுக்குத் தொதல், ஒருத்தி தம்பிக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள், இன்னொருத்தி மருமகனுக்குச் சின்ன வெங்காயம். எல்லோருக்கும் ஒரே வசனம்: "சின்னப் பாசல்தான் புள்ள, பாரமே இல்ல." பாரமே இல்லாத வெங்காயத்தை அந்த மனுசி இரண்டு கையாலும் தூக்கி வந்து, இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள்.

கடைசியாக வந்தவர் தோணிக்காரச் சாச்சா. சொந்தம் இல்லை, அன்பில் கூப்பிடுவது. இருபது வருடமாக எங்கள் வாப்பாவுக்கு மீன் கொடுப்பவர். அவருடைய மகன் தோஹாவில் கட்டிட வேலை. கட்டா மீன் கருவாடு ஒரு பொதி கொண்டுவந்து, "அவன் ரெண்டு வருஷமா எங்கட கருவாடு திங்கல்ல மகள்" என்றார். அவருக்கு மட்டும் என்னால் முகம் சுளிக்க முடியவில்லை.

ஊரில் சூட்கேஸ் நிறுக்கிற இடம் வாப்பாவின் வாடி. வாடி என்றால் கடற்கரையில் மீன் வாங்கிப் பெட்டியில் அடைக்கிற கொட்டில். கூரை வளையில் தொங்குகிற பெரிய தராசு, கீழே கொக்கி, முகத்தில் மணிக்கூடு போல முள். வெளிநாடு போன எல்லோருடைய பெட்டியும் அந்தக் கொக்கியில் தொங்கித்தான் போயிருக்கிறது. போன எல்லோருக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பாரம் கூடியும் இருக்கிறது. அதற்கு ஊரே ஒரு விளக்கம் வைத்திருந்தது: கட்டுநாயக்காத் தராசு கள்ளத் தராசு. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், வாடித் தராசு பாரத்தைத் தின்னும் என்பது தோணிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வாப்பா இல்லாத நேரம் அப்படித்தான் கதைப்பார்கள். வேறு வாடி இல்லாததால் அங்கேதான் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆனால் அது சூட்கேசையும் தின்னும் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றவில்லையே! மீனைத்தான் குறைக்கும் என்று நினைத்தார்கள் போல. எனக்கு மட்டும் என்ன, நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தராசின் கீழ் விளையாடி வளர்ந்த முதலாளி மகள் நான்.

நிறுக்கிற அன்று வாடியில் நல்ல கூட்டம். பாசல்களைத் தனித்தனியாக நிறுத்தோம். சாச்சாவின் கருவாடு நாலு கிலோ. எல்லாவற்றையும் அடைத்து, மெஷினை என் இரண்டு அபாயாவுக்குள் சுற்றி வைத்துத் தூக்கிப் பார்த்தால் இருபத்தெட்டு. இரண்டு கிலோ மிச்சம் வைத்த என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "வாப்பா, தராசு சரிதானே?" என்று கேட்டுவிட்டேன்.

சுற்றிவர ஐந்தாறு தோணிக்காரர்கள். வாப்பா என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "என்ட தராசு ஒரு நாளும் பிழைச்சதில்ல."

இருபத்தெட்டு வந்த சந்தோசத்தில் சாச்சா பகிடிக்கு ஓடிப்போய்க் கொக்கியைப் பிடித்துத் தொங்கினார். முள் நாற்பத்தெட்டில் நின்றது. "யா அல்லாஹ்! போன கிழமை கிளினிக்கில அறுபது எண்டாங்களே! சீனி வருத்தம் மனுசன உருக்கிப்போட்டுதே!" என்று அவருடைய மனைவி வாயில் அடித்துக்கொண்டா.

"அது கவுமெந்து மெஷின், அப்பிடித்தான் காட்டும்" என்று வாப்பா சமாதானம் சொன்னார். சாச்சாவும் தலையாட்டினார்.

பயண நாளில் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள். ஊர்ப் பாசல்கள் உள்ளே போவதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? விமான நிலையத்தில் உள்ளே நுழைவதற்கு முன், எல்லோரும் நிற்கிற மண்டபத்தில் ஒரு தராசு இருந்தது. சூட்கேசைத் தூக்கி வைத்தோம். முப்பத்தைந்து.

"பாத்தீங்களா, கள்ளத் தராசு!" என்று எங்கள் ஆட்கள் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். அதில் உரத்த குரல் வாப்பாவுடையது. கத்தி ஓய்ந்த பிறகு, ஐந்து கிலோ இறக்கத்தான் வேண்டும் என்று ஆனது. எல்லோரும் அவரவர் பாசலை மனதால் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"மெஷின எடு மகள்" என்றார் வாப்பா. "ஊராக்கள்ட சாமான் அமானிதம், நம்பித் தந்தது. அமானிதத்தில கை வைக்கப்படாது."

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மண்டியிட்டு ஸிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது சாச்சா, "கொஞ்சம் பொறு மகள்" என்றார். சூட்கேசை இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றித் தராசில் ஏறி நின்றார். பள்ளிவாசலுக்குள் போகிறவர் மாதிரி அவ்வளவு மரியாதையாக.

அறுபது.

அவர் அந்த இலக்கத்தைக் கனநேரம் பார்த்தார். மனைவி, "அல்ஹம்துலில்லாஹ், உருகல்ல!" என்றா. கிளினிக் அறுபது, கட்டுநாயக்கா அறுபது, எங்கள் வாடி நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடம் போகாதவர்களும் கடலில் கணக்குப் பார்ப்பவர்கள்தான். வேனில் வந்த ஒவ்வொரு முகமாக வாப்பாவின் பக்கம் திரும்பியது. வாப்பா கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனுசனுக்கு வாடியிலேயே தெரியும். பத்துப் பேருக்கு முன்னால் தன் தராசு பிழை என்று சொல்வதைவிட, மகளின் மெஷின் போனால் போகட்டும் என்று நினைத்திருக்கிறார்.

சாச்சா இறங்கி, என் சூட்கேசைத் திறந்து தன் கருவாட்டுப் பொதியை எடுத்தார். ஸிப் போடாமல் மூடி, திரும்பவும் தராசில் வைத்தார். சரியாக முப்பது.

"மெஷின் போகட்டும் மகள்" என்றார்.

நான், "மகனுக்கு..." என்று இழுத்தேன்.

"அவன் பொறுப்பான்."

பிறகு பொதியை வாப்பாவின் இரண்டு கையிலும் வைத்தார். சத்தம் போடவில்லை.

"வாடியில நாலு கிலோ, இங்க அஞ்சு. நீங்களே வெச்சிக்கோங்க முதலாளி. நிறுக்க வேணாம்."

வாப்பா கருவாட்டைப் பிடித்தபடி நின்றார். நான் படித்தது, உடுத்தது, அந்த மெஷினை வாங்கியது எல்லாம் அந்த முள் தின்ற மீனில்தான் என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சாச்சாவின் காலைப் பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. மெஷினை இறக்கிவிட்டு அவருடைய கருவாட்டைத் திரும்ப வைத்திருக்கலாம். ஸிப் இன்னும் பூட்டவில்லை, நேரமும் இருந்தது.

நான் ஸிப்பைப் பூட்டினேன். எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு, சூட்கேசை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.