டி டிரைவ்

ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். தாம்பரத்தில் மருந்துக்கடைக்கு மேலே ஆபீஸ். அந்த வருஷம் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கூரியரில் ஒரு சிடி அனுப்பினோம். அதைப் போட்டு ஒரு பட்டனைத் தட்டினால் சர்வரில் புதிய பதிப்பு தானாக ஏறிவிடும், இனிமேல் நேரில் ஆள் போகவேண்டாம் என்று மேனேஜர் பெருமையடித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் என் அலைச்சலே ஆரம்பித்தது.

புது இடங்களில் சிடி ஒழுங்காக வேலை செய்தது. பல வருஷங்களுக்கு முன் நானே போய் மென்பொருளை ஏற்றிக்கொடுத்த பழைய இடங்களில், ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டும் இல்லாமல் திரை காலியாக வந்தது. காரணம் அற்பம். அப்போதெல்லாம் வைரஸ் வந்தால், கம்ப்யூட்டர் மாட்டிக்கொடுத்த ஆள் எதையும் கேட்காமல் சி டிரைவை ஃபார்மேட் அடித்து மொத்தமாகத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பயந்து முக்கியமானதையெல்லாம் டி டிரைவில் வைப்போம். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று யாரும் எழுதிவைக்கவில்லை. சிடியைத் தயாரித்த புது ஆட்களுக்குத் தெரியாது. அவர்களுடைய சிடி பழைய ரிப்போர்ட்டுகளை சி டிரைவில் தேடியது, ஒன்றும் கிடைக்காததால் புதிதாக ஒரு காலிக் கணக்கைத் திறந்துவிட்டது. பழைய ரிப்போர்ட்டெல்லாம் பக்கத்து டிரைவில் பத்திரமாக இருந்தது.

படப்பையில் இருந்த ஒரு பழைய கூடத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வழியிலேயே மேனேஜர் செல்லில் கூப்பிட்டார். "டேட்டாவை மீட்டுட்டோம்னு மட்டும் சொல்லு. நம்ம சிடி பத்தி வாயைத் திறக்காதே."

கூடம் மாடியில். அதன் முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு எதையோ அழிச்சிட்டு ஒத்துக்க மாட்டேங்குது சார். இன்னிக்கு டேட்டா வரலைன்னா நாளைலேர்ந்து வரவேணாம்னு சொல்லிட்டேன்." கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் அந்தப் பெண் தன் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

மேசைக்கடியில், கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே, சர்வர் என்று நாங்கள் விற்ற பெட்டி. குனிந்து உட்கார்ந்து சரிசெய்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

"தப்பு எங்க சிடியிலதான் சார். இவங்க ஒண்ணும் பண்ணலை," என்றேன்.

"அப்படியா," என்றார் முதலாளி. அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அவள் மாடிப்படிவரை வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "இதை போன்லயே சொல்லியிருக்கலாமே சார். திங்கக்கெழமைலேர்ந்து வூட்ல கூட நான்தான் இன்னாவோ பண்ணிட்டேன்னு பேசிக்கினு கீறாங்க."

தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

அடுத்தது ஊரப்பாக்கம். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே அந்தக் கூடத்து முதலாளிக்கு போன் போட்டேன். ரிப்போர்ட் எதுவும் அழிந்துபோகவில்லை, கோளாறு எங்கள் சிடியில்தான், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் ஆளை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்றேன்.

"அவரை நேத்தே வேலையை விட்டு நிறுத்தியாச்சே சார்," என்றார் அவர். "நீங்க எத்தனை மணிக்கு வர்றீங்க?"