மரப்பெண் ஆட்டிய தொட்டில்

உலகச் சண்டைக் காலம் அது. எனக்கு ஏழு வயது. தருமபுரிப் பள்ளிக்கூடம் ஒன்றில், தானாக ஆடும் பொம்மைகளைக் காட்சிக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பாலக்கோட்டுப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனோம். சித்தப்பாவின் மனைவியான சின்னம்மா என் கையை விடவேயில்லை. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அவளுக்குக் குழந்தையில்லை. தைக்குள் வயிற்றில் ஒன்று தங்காவிட்டால் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்ப்பதென்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அது என் காதிலும் விழுந்ததுதான். வீட்டில் கல்யாணம் வந்தால் நல்லதுதானே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மேலேயிருந்த பீப்பாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அது விழுந்து ஒரு சக்கரம் சுற்ற, இடுப்புயர மரப்பொம்மைகள் அசைந்தன. ஒருவன் தண்ணீர் இறைத்தான். ஒருத்தி ராகி அரைத்தாள். கடைசியில் நின்ற மரப்பெண் ஓயாமல் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். தொட்டால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று காவல்காரர் பாதிக் கன்னடத்தில் மிரட்டிக்கொண்டேயிருந்தார்.

மனிதர் கை படாமல் ஆடுகிற தொட்டிலில் ஏதோ சக்தி இருக்கிறதென்று சின்னம்மாவுக்குத் தோன்றிவிட்டது. கோயில் மரத்தில் கட்ட முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்தாள்.

"அந்தாளு வர்றாரான்னு பாத்துக்க கண்ணு."

காவல்காரர் வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னம்மா தொட்டிலின் பின்பக்கம் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். தொங்கிய நுனி சக்கரத்தின் அச்சில் போய்ச் சுற்றிக்கொண்டது. கிறீச்சென்று எல்லாப் பொம்மைகளும் நின்றன.

"தொட்டில் நின்னுபோச்சே கண்ணு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கோ போலீசைத் தவிர வேறு நினைப்பில்லை. காவல்காரர் உள்ளே திரும்புவதற்குள் தொட்டிலுக்குப் பின்னால் கையை விட்டுக் கயிற்றைப் பிடுங்கிப் பாவாடையில் செருகிக்கொண்டேன். சின்னம்மா கண்ணைத் திறந்தபோது தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பொரி வாங்கிக் கொடுத்தாள். மாட்டாமல் தப்பித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். கயிற்றைப் பிடுங்கியதைச் சொன்னால் அடி விழுமென்று பயம். வீடு வருவதற்குள் அதை வேலியோரம் எறிந்துவிட்டேன்.

தை பிறந்ததும் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் சின்னம்மாதான் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு முன் குனிந்தவள், பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்.

"அன்னிக்கு நல்லா இறுக்கித்தான கட்டுனேன்?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.