மொட்டை மாடியில் ஒரு சிவப்பு

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் நான் செக்கிங் டேபிளில் இருந்தேன். மெஷினிலிருந்து வரும் காலண்டர் தாளை லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. பார்த்துத் திருப்தியானால் முதல் தாளில் ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அது விழாமல் மெஷின் ஓடாது. அந்த மெஷினை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். வீட்டில் எப்படியோ, கம்பெனியில் அவர் என் கையெழுத்துக்காகக் காத்து நிற்பார். எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் ஒரு ஜவுளிக்கடை ஆர்டர் வந்தது. படம், திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று எடுத்தது. கீழே நெருக்கமாக வீடுகள், தெப்பக்குளம், மாதா கோயில் கோபுரம், ஓரத்தில் காவிரி. படத்துக்கு அடியில் கடைப் பெயர். அந்தப் பெயருக்குச் சற்று மேலே, ஒரு மஞ்சள் வீட்டின் மொட்டை மாடியில் கடுகளவு சிவப்பு இருந்தது. லென்ஸை வைத்தேன். மெஷினில் தூசி விழுந்தால் புள்ளியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் கட்டும். இதற்கு வளையம் இல்லை. அடியில் மெல்லிசாக ஒரு கோடு வேறு இருந்தது. அங்கே என்னமோ நிற்கிறது என்று எனக்குப் பட்டது. ஓகே போட்டேன்.

லோடு போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைப் பெயருக்கு மேலே ரத்தத்துளி மாதிரி இருக்கிறதாம், இதை எவன் வீட்டில் மாட்டுவான் என்று கடைக்காரர் கத்தினாராம். முதலில் மெஷின்மேல் பழி விழுந்தது. என் வீட்டுக்காரர் உருளையைக் கழுவினார், துடைத்தார், மறுபடியும் கழுவினார். சிவப்பு அசையவில்லை. அப்புறம்தான் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். படத்திலேயே அது இருந்தது.

கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன் என் கொழுந்தன். என் வீட்டுக்காரருக்குத் தம்பி. அவன் அதைப் பெரிதாக்கிக் காட்டினான். கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர ஒன்றும் விளங்கவில்லை.

“கேமராவுல தூசி மதினி. இதப்போயி விட்டுட்டீகளே.”

“கேமராவுல விழுற தூசி செவப்பாவா இருக்கும்? அங்கன என்னமோ நிக்கிது.”

“என்ன நிக்கிது?”

கேட்டுக்கொண்டே அவன் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினான், சிவப்பு போய்விட்டது. வேறு தாளில் முழுவதும் மறுபடி அச்சடித்தார்கள். மறுநாள் முதலாளி என்னை டின்னிங் பக்கம் அனுப்பிவிட்டார். டின்னிங் என்றால் காலண்டரின் தலையில் தகரப்பட்டி அடிப்பது. “ஒங்களுக்குக் கண்ணு சரியில்லம்மா, அங்கன இருங்க” என்றார். வேலை போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண் சரியில்லை என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டின்னிங்கில் இருந்த பெண்கள் எனக்குப் ‘பொட்டு’ என்று பெயர் வைத்தார்கள். பொட்டு வந்தாச்சா, பொட்டு சாப்பிட்டாச்சா என்று இரண்டு சீசன் ஓடியது. திரும்பி வந்த தாளில் ஒன்றைச் சுருட்டி பீரோவுக்குமேல் போட்டு வைத்திருந்தேன்.

கொழுந்தனுக்குத் திருச்சியில் பெண் அமைந்தது. காலண்டர் சீசன் முடிந்து கையில் வேலை இல்லாத தை மாதம். கல்யாணப் பத்திரிகையைப் பெண் வீட்டில் கொடுக்க நாங்கள் மூன்று பேரும் போனோம். முதல் பத்திரிகையை மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் காலில் வைத்துவிடுங்கள் என்று பெண்ணின் அம்மா சொன்னார். நான் நினைத்து வந்ததும் அதுதான். கட்டைப்பையில் பத்திரிகைக்கு அடியில் அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் ஊரிலிருந்தே கிளம்பியிருந்தேன்.

படி ஏற ஏற என் வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். நான் ஒரு இடத்திலும் உட்காரவில்லை. சாமியிடம் பத்திரிகையை வைத்தது, விபூதி வாங்கியது எல்லாம் நடந்தது. என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் கல்யாணத்தைப் பற்றி இல்லை. வெளியே வந்ததும் காற்று முந்தானையை இழுத்துக்கொண்டு போனது. ஊர் முழுக்கக் காலடியில் கிடந்தது. இவ்வளவு உயரத்தில் அதற்குமுன் நான் நின்றதில்லை. நின்று ரசிக்கிற நிலையிலும் நான் இல்லை. தாளை விரித்தேன்.

“ஏளா, இத எதுக்குடி தூக்கிட்டு வந்த?” என்றார் அவர்.

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணே, மதினி இன்னும் அத விடல.”

குளத்தைப் பிடித்தேன், மாதா கோயிலைப் பிடித்தேன், அங்கிருந்து விரலை நகர்த்தி மஞ்சள் வீட்டைப் பிடித்துவிட்டேன். மஞ்சள் வெளுத்திருந்தாலும் அதே வீடு. மொட்டை மாடியில் பச்சை நிறத்தில் பெட்டி மாதிரி ஒன்று இருந்தது. தாளிலும் இருந்தது. சிவப்பு மட்டும் இல்லை.

“பாத்தீகளா மதினி? வெறும் மாடி. கெளம்புவமா?”

அண்ணனும் தம்பியும் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். பஸ் போய்விடும் என்றார்கள். நீங்கள் போங்கள், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. ஒருவேளை அது தூசியாகவே இருந்திருந்தால்? ஒருவேளை என் கண் நிஜமாகவே சரியில்லை என்றால்? தாள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. வெயில் இறங்கிக் குளத்துத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. படத்திலும் தண்ணீர் மஞ்சள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயில் தாழ்ந்த நேரத்துப் படம் அது. நாங்கள்தான் முந்திவிட்டோம்.

அந்த மாடிக்கு ஒரு ஆள் ஏறி வந்தார். கைலி கட்டியிருந்தார். பச்சைப் பெட்டியின் கதவைத் திறந்துவிட்டார். சுவரில் சாய்த்திருந்த நீளமான கம்பை எடுத்துத் தலைக்குமேல் உயர்த்தினார். கம்பின் நுனியில் சிவப்புத் துணி! அவர் அதை ஒரு வீசு வீசியதும் பெட்டிக்குள் இருந்து புறாக்கள் பொலபொலவென்று மேலே கிளம்பின. நான் போட்ட சத்தத்தில் பிள்ளையாரைக் கும்பிட வந்தவர்கள் அத்தனை பேரும் ஓடி வந்துவிட்டார்கள்.

“இந்தா நிக்கிது! இந்தா நிக்கிது பாருங்க! எம்புட்டுச் செவப்பு பாருங்க!”

மெஷின் ஓட்டுகிறவர்கள் சட்டைப்பையில் எப்போதும் லென்ஸ் இருக்கும். என் வீட்டுக்காரர் அதை எடுத்தார். தாளைப் பாறைமேல் விரித்து, வலிக்கிற முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கம்பு இருக்கு” என்றார். “அந்தக் கோடு கம்புதான். ஆமா புள்ள, கம்பு இருக்கு.”

யாரோ ஒரு அம்மா என்ன விஷயம் என்று கேட்டார். நான் முழுக்கதையையும் சொன்னேன். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள், மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். புறாக்கள் எங்களுக்குக் கீழே வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது அதுதான் எனக்கு முதல் தடவை. கொழுந்தன் சிரிப்பை நிறுத்திவிட்டு போனில் வீடியோ எடுத்தான். இறங்கும்போது பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, “மதினி, அத அழிச்சது நாந்தான். படத்துல நானே திரும்ப வச்சுத் தாரேன்” என்றான்.

வீடியோவைப் பார்த்த முதலாளி சிரித்துவிட்டார். சீசன் தொடங்கியதும் செக்கிங் டேபிளுக்குப் போங்கள் என்றார். டின்னிங்கில் இன்றைக்கும் என்னைப் பொட்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போதெல்லாம் நான் ‘என்ன?’ என்று கெத்தாகத் திரும்புகிறேன்.

போன சீசனில் அதே படத்தை ஒரு பாத்திரக்கடைக்காரர் தேர்ந்தெடுத்தார். கொழுந்தன் சொன்னபடியே சிவப்பைத் திரும்ப வைத்திருந்தான். என் வீட்டுக்காரர் முதல் தாளைக் கொண்டுவந்து டேபிளில் போட்டுவிட்டு, பழையபடி காத்து நின்றார். வேண்டுமென்றே மெதுவாகப் பார்த்து ஓகே போட்டேன். சாம்பிள் தாள் போய்ச் சேர்ந்த அன்றைக்கே கடைக்காரர் போன் செய்தார். முதலாளி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போனை என் கையில் கொடுத்தார்.

“அம்மா, கடைப் பேருக்கு மேல செவப்பா ஒரு அழுக்கு இருக்கே, அது என்ன?”

“அழுக்கு இல்லைங்க. எங்க கம்பெனியில அழுக்கு வெளிய போகாது. தாளக் கையில எடுத்துக்கிட்டு மலைக்கோட்டைக்குப் போங்க. வெயில் தாழப் போங்க, முந்திப் போயிறாதீக. அங்கன நின்னு பாத்துட்டு, அப்புறமா எனக்குப் போன் போடுங்க.”