ஹோவர்த் வீட்டுப் பரணின் உயரம்

லொரைன் ஹோவர்த் பிறந்தது 9 மார்ச் 1966, ஆக்ரிங்டனில். ஜன்னல் திரைக் கடையில் அளவெடுப்பவராகச் சேர்ந்தது 1989. லாரி ஓட்டுநர் கிளைவை மணந்தது 1991, பிள்ளைகள் இல்லை. மில்கேட் தெரு பதினொன்றாம் எண் வீட்டுக்குக் குடிவந்தது 1993. கிளைவின் முதுகுத்தண்டு விபத்தில் முறிந்தது 2011 நவம்பர். லொரைனின் தங்கை ரோஸ்லின் புற்றுநோயால் இறந்தது 3 பிப்ரவரி 2016. ரோஸ்லினின் ஒரே மகள் ஷானன் பிறந்தது 2003 டிசம்பர். தகப்பன் பெயர் பதிவில் இல்லை.

தாயில்லாப் பிள்ளையைக் குழந்தைகள் நலத்துறை பர்ன்லியில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் தற்காலிகமாக விட்டிருந்தது. பெரியம்மாவே வளர்க்கலாம், தடையில்லை. ஆனால் பிள்ளைக்குக் கதவுள்ள தனியறை வேண்டும். ஜூன் 16 அன்று கூடும் குழு முடிவெடுக்கும்.

வீட்டில் கீழே முன்னறையும் சமையலறையும். தெருக்கதவும் மாடிப்படியும் முன்னறைக்குள்ளேயே திறப்பதால் அது தனியறை ஆகாது. மேலே இருந்த இரு படுக்கையறைகளில் பின்னது, கிளைவின் சக்கர நாற்காலி நுழையும்படி குளியலறையாக மாற்றப்பட்டுவிட்டது. முன்னதில் அவர் கட்டில், அதையொட்டி லொரைனின் ஒற்றைக் கட்டில். குளியலறை மேலே இருப்பதால் அவரைக் கீழே மாற்றவும் முடியாது. எஞ்சியது பரண் மட்டும்.

ஏப்ரலில் லொரைன் ஏணி வைத்து ஏறி, முகட்டு உத்திரத்திலிருந்து காலடியிலிருந்த குறுக்குக் கட்டைவரை மும்முறை அளந்தார். மும்முறையும் 2.21 மீட்டர். நகரமன்றத்தின் கையேடு பரணறைக்கு 2.20 போதும் என்றது. குழுவுக்கான விண்ணப்பத்தில் '2.21, போதுமானது' என்று எழுதி அனுப்பினார். இருபத்தேழு ஆண்டுப் பழக்கம் அது. ஜன்னலின் திறப்பை உள்ளபடி எழுத வேண்டும். எதையும் கழிக்கக் கூடாது. திரை இடிக்காமலிருக்கக் கழிப்பது தொழிற்சாலையின் வேலை. அளவெடுப்பவரும் கழித்தால் திரை இருமுறை சுருங்கிவிடும்.

மே 10 அன்று வரைபடக்காரர் நைஜல் ஓக்டன் வந்து பரணில் முட்டி போட்டார்.

"அளவு சரிதான், மிஸஸ் ஹோவர்த். மயிரிழை பிசகல. ஆனா தரை எங்க?"

"இந்தக் கட்டைதானே?"

"இது கீழ இருக்கற படுக்கையறை உட்கூரைய தாங்கற கட்டை. ஆள் நடந்தா தாங்காது. புதுக் கட்டை, பலகைன்னு பத்தொன்பது சென்டி ஏறும். பின்பக்கக் கூரைய வெட்டிப் பெட்டி மாதிரி எழுப்பினாலும், அதோட கட்டை, குளிருக்குப் பஞ்சு, பலகைன்னு மேலருந்து இன்னொரு பத்தொன்பது இறங்கும்."

லொரைன் மனத்துக்குள் கழித்தார். "ஒன்னு எண்பத்து மூணு."

"ரூமு உயரத்தப் பத்தி சட்டம் வாயே திறக்காது. படிக்கட்டுதான் வில்லங்கம். படி போய் முடியற இடத்துல தலைக்கு மேல ஒன்னு தொண்ணூறு வேணும்."

"ஏழு சென்டி."

"ஏழே ஏழு."

"முகட்டையே தூக்கிட்டா?"

"பதினாலு வீட்டுக்கும் ஒரே முகடு. தெருவையே பழஞ்சின்னம்னு பாதுகாக்கறாங்க. விடவே மாட்டாங்க. படுக்கையறை உட்கூரைய ஏழு சென்டி இறக்கலாம், அதான் ஒரே வழி. வாங்க, பாத்துடுவோம்."

முன் படுக்கையறையின் உட்கூரையில் தண்டவாளம் ஓடியது. கிளைவைத் துணித் தூளியில் இருத்திக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் இறக்கும் கருவி அதில் தொங்கியது. நைஜல் அதைப் பார்த்தார், கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

அவர் போனதும் லொரைன் கிளைவைத் தூளியில் ஏற்றி, கருவி நிற்கும் மட்டும் உயர்த்தி, அடியில் இரும்பு டேப்பை நீட்டினார்.

"என்னடி, திரை போடப்போறியா?"

"ஆமா. உன் மூஞ்சிய மறைக்க."

"அகலமான உருப்படின்னு கடையில முன்னாடியே சொல்லிடு."

தூளிக்கும் மெத்தைக்கும் இடையே நான்கு சென்டிமீட்டர். அதற்குமேல் தண்டவாளம் இறங்கினால் உடல் மெத்தையில் உரசும். காற்று மெத்தையை மெல்லியதாக மாற்றவும் வழியில்லை. 2013இல் மாற்றிப் பார்த்ததில் வந்த படுக்கைப்புண் ஆற பதினொரு வாரம் ஆயிற்று. சக்கரம் வைத்த தூக்கி அந்த அறையில் திரும்பாது.

"எவ்வளவு பத்தல?" என்றார் கிளைவ், அந்தரத்தில் மெல்லச் சுழன்றபடி.

"மூணு."

"அப்ப என்னை ஒரு ஹோம்ல சேத்துடு. அங்க உன்னவிட நல்லா சமைப்பாங்க."

"யாரும் சமைக்கறதில்ல. எல்லாம் பாக்கெட்ல வருது."

"அதத்தான் நானும் சொன்னேன்." சிரிப்பு அடங்கிய பின் சொன்னார்: "பிள்ளைக்குப் பன்னண்டு வயசு, லொரைன். யோசிச்சுப் பாரு."

லொரைன் பொத்தானை அழுத்தி அவரை இறக்கினார்.

சனிக்கிழமை ஷானன் வந்தாள். ஏணியில் விறுவிறுவென ஏறிப் பரணின் நடுவில் நின்றாள். "நிமிர்ந்தே நிக்க முடியுது பெரியம்மா!"

லொரைன் இரண்டு பத்தொன்பதையும் விளக்கிச் சொன்னார்.

"நான் குனிஞ்சுக்கறேன். படியில தவழ்ந்து ஏறறேன். யாருக்கும் சொல்ல வேணாம்."

"அவங்க டேப்போட வருவாங்க கண்ணு."

"அப்ப ஏன் ரெண்டு இருபத்தொன்னுன்னு எழுதினீங்க?"

"அவ்வளவுதான் இருந்துச்சு."

ஷானன் ஏணியில் இறங்கினாள். அன்று தேநீர்கூடக் குடிக்கவில்லை.

மே 17 அன்று லொரைன் திருத்திய படிவத்தை நிரப்பினார். உயரம்: 1.83. நகரமன்றத்துக்கு வேறு வீடு கேட்டு எழுதினார். தூக்கிக் கருவி பொருத்திய மூன்று படுக்கையறை வீடு இப்போதைக்கு இல்லையென்று மூன்றாம் நாளே பதில் வந்தது. 'வீட்டில் வசிப்போரில் மாற்றம் உண்டா' என்ற கட்டத்தின் முன் இரண்டு நாள் பேனாவோடு உட்கார்ந்தார். பிறகு அதைக் காலியாகவே விட்டு உறையை ஒட்டினார்.

"எழுதலியா?" என்றார் கிளைவ்.

"இல்ல."

"முட்டாள்."

"ஆமா."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வாரம் வீட்டில் ஒரு கிண்டலும் இல்லை.

குழு ஜூன் 16 அன்று கூடியது. லொரைனைப் பேசவிட்டார்கள்; பேச எழுந்த அவருக்கு எண்களைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. கடிதம் 21ஆம் தேதி வந்தது. ஷானனுக்கு நிரந்தர வீடு விட்பியில், கடலோரம். பெரியம்மாவைச் சந்திக்க ஆண்டுக்கு ஆறு முறை அனுமதி, முறைக்கு இரண்டு மணி நேரம். பதினெட்டு வயது நிறைய ஐந்தரை ஆண்டுகள் இருந்தன. கடிதத்தின் ஓரத்தில் லொரைன் பெருக்கி எழுதினார்: 33.