ஓடிப்போன மாப்பிள்ளைத் தவளை

ஜூன் பிறந்து பாதி போயும் ஸ்ரீராம்புரத்தில் ஒரு பொட்டு மழை இல்லை. தவளைக்குக் கல்யாணம் செய்துவைத்தால் மழை வரும் என்று எங்கள் சந்தே கூடி முடிவெடுத்தது. பெண் சுலபமாகக் கிடைத்துவிட்டாள். சாக்கடையோரம் உட்கார்ந்திருந்த குண்டுத் தேரை. மாப்பிள்ளைக்குத்தான் பஞ்சம். மலைக்காடு சூழ்ந்த சக்லேஷ்பூருக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா, "காட்ல மழ ஊத்துது, நான் புடிச்சினு வரேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாளே கொண்டுவந்தும் விட்டார். அப்படி ஒரு தவளையை எட்டு வயது வரைக்கும் நான் பார்த்ததில்லை. வாழைத்தளிர் பச்சை, விரல்களுக்கு நடுவே சிவப்புத் தோல். எங்கள் தேரைக்கு இது பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. ஜாதகம் பார்க்காத கல்யாணம்தானே. மாப்பிள்ளையைக் காக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தவளை என்றால் தண்ணீர்! அந்தப் பஞ்சத்திலும் அம்மா அரை பக்கெட் தண்ணீர் விட்டு மூடி போட்டாள்.

எப்போது திறந்தாலும் அது பக்கெட் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் தள்ளிவிட்டேன், மறுபடி ஏறியது. காலையில் பார்த்தால் பச்சையெல்லாம் மங்கி, கண் மூடிக் கிடந்தது. ஐயோ, செத்துப்போய்விடுமே! கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று பக்கெட்டை வாசலுக்கு இழுத்துவந்து மூடியைத் திறந்தேன்.

ஒரே தாவு. சுவரில் ஒட்டி, ஓட்டில் ஏறி, அங்கிருந்து நாலு காலையும் விரித்துப் பறந்து எதிர்ப்புறப் புங்க மரத்துக்குள் மறைந்துவிட்டது.

"மாப்ள எஸ்கேப்புடோய்!" என்று மேளக்காரர் கத்தினார்.

"மழ வரலன்னா உன்னாலதான்டி" என்றாள் பெரியம்மா. நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதேன்.

கடைசியில் கோயில் பின்புறம் பிடித்த இன்னொரு தேரைக்கு மாலை போட்டு முகூர்த்தத்தை ஒப்பேற்றினார்கள். மூன்றாம் நாள் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அப்பாடா, என் முதுகு தப்பித்தது! அன்று சாயங்காலமே புங்க மரத்திலிருந்து டக்டக்டக் என்று சத்தம். உயிரோடு இருக்கிறது! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் தவளை வாயால்தான் பிழைத்தது. தினமும் அப்படிக் கத்தியது. கத்தத் தொடங்கிய நாலாவது சாயங்காலம் அந்தச் சத்தத்தை வைத்தே மாமா மரமேறிப் பிடித்து, ஈர இலைகள் போட்ட டப்பாவில் வைத்தார்.

"எனக்காகப் பாடுது மாமா, உட்டுடு."

"எடுத்த எடத்துலயே உட்டாதான் என் மனசு ஆறும், கண்ணு" என்று வேனைக் கிளப்பினார். ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை.

கல்லூரி நாட்களில் அதே காட்டுக்குப் போனேன். மழை விட்ட சாயங்காலம். குட்டையின் மேல் சாய்ந்த கிளையில் ஒரு பச்சைத் தவளை டக்டக்டக் என்றது. மேல்கிளையிலிருந்து பெரிய பெண்தவளை ஒன்று, இலை இலையாகக் கால் வைத்து அதனிடம் இறங்கி வந்தது.

எங்கள் புங்க மரத்தில் நாலு சாயங்காலமும் அது பெண் கேட்டிருக்கிறது. தவளைக் கல்யாணத்துக்கு மேளம் வைத்த சந்தில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. நானோ, எனக்காகப் பாடுகிறது என்று கீழே நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.