முனீஸ்வரருக்கு அடித்த ஹாரன்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த அண்ணனின் காருக்குப் பின்னால் அப்பா குந்தியிருந்தார். நான் முதலில் பார்த்தது அவருடைய முதுகை. அடுத்து, பல்லில் கடித்திருந்த கம்பித் துண்டு. பலகை அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

முழ நீளத்துக்கு ஒரு பிளைவுட் பலகை. வெள்ளைச் சாயத்தின் மேல் சிவப்பு எழுத்து. மேலே மலாயில் செவிடு என்பதற்கான ‘பெக்காக்’ என்று பெரிதாகவும், கீழே தமிழில் ‘டிரைவர் செவிடு’ என்று சிறிதாகவும் எழுதியிருந்தது. சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது. அப்பா முதல் நாளே எழுதி எங்கோ மறைத்து வைத்திருக்க வேண்டும். இப்போது அதை நம்பர் பிளேட்டுக்கு மேலே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணனுக்குத் தெரியுமாப்பா?”

“குளிக்கிறான்.”

“தெரியுமான்னு கேட்டேன்.”

“தெரிஞ்சா கழட்டிப் போட்டுருவான். இன்னைக்கி ஒரு நாள் இருக்கட்டும்லா. வெத்தல மாத்திட்டு வந்ததும் நானே கழட்டிடறேன்.”

அன்று அண்ணனுக்கு நிச்சயம். பெண் வீடு சிலிம் ரிவருக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தில் இருந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை. எல்லாம் தாய்மாமன்தான். தோட்டத்து லாரி ஓட்டுபவர், நல்ல மனிதர். ஒரு மாதம் முன்பு நாங்கள் பெண் பார்க்கப் போனபோது அண்ணனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “காது போனா என்னாங்க? வேலை செய்யிற கை” என்று அம்மாவிடம் சொன்னவர். கிளம்பும் நேரத்தில் அண்ணன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும்தான் அவர் முகம் மாறியது.

“இவரா ஓட்டிட்டு வந்தாரு? தம்பி ஓட்டிட்டு வந்தாருன்னுல்ல நெனச்சேன்.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுங்க” என்றேன். அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் லைசன்ஸ் வைத்திருந்தது அண்ணன் ஒருவர்தான்.

“பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சா எப்படிங்க தெரியும்? நான் லாரி ஓட்டுறவன், சொல்றேன். ரோட்டுல பாதி காதாலதான் ஓட்டணும். என் அக்கா மகள இந்தக் கார்ல ஏத்தி அனுப்ப மாட்டேன். காரை வித்துடுங்க. இல்லாட்டி பின்னால ஒரு போர்டு மாட்டுங்க. வர்றவனாவது தெரிஞ்சு ஒதுங்கிப் போவான்.”

அப்பா தலையை ஆட்டினார். அண்ணன் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு கார் விலை பற்றியது என்று நினைத்தாரோ என்னவோ, பெருமையாகக் காரின் கூரையைத் தட்டிக் காட்டினார்.

அண்ணனுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. ஈப்போவில் ஒரு சீனத் தௌக்கே நடத்திய வொர்க்‌ஷாப்பில், அடிபட்டு வரும் கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் வேலை பார்த்தார். ஓட்டக் கற்றதும் அங்கேதான். அவரிடம் நசுங்கி வந்த கார்களை ஓட்டியவர்கள் எல்லாருக்கும் காது கேட்கும். நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஈப்போ வட்டாரச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு விபத்துச் செய்தியாவது போகும். ‘கட்டுப்பாட்டை இழந்த கார்’ என்றுதான் எழுதுவோம். இழந்தது கார்தான், ஆள் அல்ல.

அந்தப் பெண் பார்த்த நாளில் இன்னொன்றும் நடந்திருந்தது. பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, பெண் வெளியே, நானும் அண்ணனும் நின்றிருந்த இடத்துக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டாள். எனக்கும் கற்றுக்கொடுப்பாயா என்று. அண்ணன் தலையாட்டினார். அந்த மாதம் முழுக்க அண்ணன் வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் அதை எனக்கு நடித்துக் காட்டுவார். ஸ்டியரிங், திருப்பல், நெஞ்சில் ஒரு விரல். அம்மாவுக்கும் காட்டுவார். அம்மா சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். நான் முன்னால், அண்ணனுக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் பின்னால், நடுவில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டு. அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்தார். அவருக்கு அது ஒரு பழக்கம். நாங்கள் பேசிக்கொண்டே போகும் நேரமெல்லாம் அவர் கண் மூன்று கண்ணாடிகளுக்கும் போய்ப் போய் வரும்.

கோப்பேங் வரை ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஆரம்பித்தது. பின்னால் வந்த ஒரு வேன் தமிழ் எழுத்தைப் படிப்பதற்காக எங்கள் பம்பரை முட்டும் தூரத்துக்கு வந்தது. படித்து முடித்ததும் ஹாரன் அடித்துப் பார்த்தது. நீளமாக ஒன்று, பதில் இல்லை என்றதும் விட்டுவிட்டு இரண்டு. அது முந்திப் போனதும் இன்னொரு கார். ஹாரன், சிரிப்பு, ஜன்னலில் நாலு முகம். கம்பாரில் மோட்டார்சைக்கிளில் வந்த இரண்டு பேர் எங்கள் ஓரமாகவே ஓட்டி வந்தார்கள். பின்னால் இருந்தவன் இரண்டு காதிலும் கையை வைத்து விசிறி மாதிரி ஆட்டினான்.

“டேய் பெக்காக்! கேக்குதா? லாரி வருதுடா!”

லாரி எதுவும் வரவில்லை. அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு சீட்டில் சறுக்கிக் கீழே உட்கார்ந்தேன். கம்பார் பஸ் நிலையத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். வயிறு வலிக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுக் கேட்டார்.

அவருக்குச் சத்தம் கேட்கவில்லையே தவிர, மற்றதெல்லாம் தெரிந்தது. கார்கள் நெருங்குகின்றன, ஆட்கள் பின்னால் கை காட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். அவர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். தாப்பாவுக்குள் நுழைவதற்கு முன் ஓரம் கட்டி நிறுத்தி, டயர் என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு இறங்கினார். முன் டயர் இரண்டையும் காலால் உதைத்துப் பார்த்தார். பின்னால் போனார். குனிந்தவர் நிமிரவில்லை.

நானும் அப்பாவும் இறங்கினோம். அண்ணனுக்குத் தமிழ் அவ்வளவாகப் படிக்க வராது. ஆனால் ‘பெக்காக்’ என்ற எழுத்துகளை அவருக்குத் தெரியும். வொர்க்‌ஷாப் சுவரில் அவர் சட்டை மாட்டும் ஆணிக்கு மேலே யாரோ சாக்பீசால் எழுதிவைத்த வார்த்தை அது. அவர் அதைத் தொட்டார். சாயம் கையில் ஒட்டுகிறதா என்று விரலைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா மேலுதட்டில் விரலால் மீசை வரைந்து காட்டினார். பெண்ணின் மாமா சொன்னார் என்று அர்த்தம். கையைக் கும்பிடுவதுபோல் சேர்த்தார்.

அண்ணன் கேட்டது ஒன்றுதான். ஸ்டியரிங்கைத் திருப்பி, நெஞ்சில் விரல் வைத்தார். அந்தப் பெண்ணின் பெயராகவே அது ஆகிவிட்டிருந்தது. அவளுக்குத் தெரியுமா?

அப்பா தெரியும் என்று தலையாட்டினார். அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

அண்ணன் கம்பியை அவிழ்க்காமல் வந்து காரில் ஏறினார். ஆனால் இப்போது அப்பா என்னைப் பின்னால் போகச் சொன்னார். “நீ பராக்குப் பாத்துட்டு வர்ற. நான் முன்னால ஒக்காந்துக்கிறேன். எவனாச்சும் ஹாரன் அடிச்சா தட்டிச் சொல்றேன்.”

பீடோர் வரை ஒவ்வொரு ஹாரனுக்கும் அப்பா அண்ணனின் தோளைத் தட்டினார். தட்டும்போதெல்லாம் அண்ணன் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை. யாராவது தொட்டால், என்ன என்று முகத்தைப் பார்த்துத்தான் அவரால் தெரிந்துகொள்ள முடியும். அப்பா பின்னால் கை காட்டுவார். அண்ணன் கண்ணாடியைக் காட்டி, பார்த்துவிட்டேன் என்பார். “ஒவ்வொரு தடவையும் திரும்புறாருப்பா, தட்டாதீங்க” என்று நான் சொன்னேன். “அப்ப நீ வந்து அவனுக்குக் காதைக் குடு” என்றார் அப்பா.

சிலிம் ரிவருக்குக் கொஞ்சம் முன்னால், செம்பனையும் பழைய ரப்பரும் சந்திக்கிற வளைவில், சாலையோரமாக ஒரு முனீஸ்வரர் இருந்தார். தகரக் கொட்டகை, சூலம், சிவப்புத் துணி. அந்த வழியாகப் போகும் லாரிக்காரர்கள் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் கடப்பார்கள். சீன லாரிக்காரர்களும் அடிப்பார்கள். போன முறை வந்தபோது அண்ணனும் அடித்தார். பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல உள்ளங்கையால் மூன்று அமுக்கு. ஹாரன் அடித்தால் ஸ்டியரிங்கில் ஒரு அதிர்வு வருமாம். அது போதும் அவருக்கு.

அன்று எங்களுக்குப் பின்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அண்ணன் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கொட்டகையை நாங்கள் தாண்டுகிற நேரத்தில் லாரி மூன்று முறை அலறியது.

அப்பா தட்டவில்லை. இரண்டு கையாலும் அண்ணனின் தோளைப் பிடித்து இழுத்தார்.

அண்ணன் திரும்பினார். கார் இடப்பக்கமாகப் புல்லில் இறங்கி, சாலையோரச் சாக்கடையான லோங்காங்கில் முன் சக்கரத்தை விட்டு நின்றது. பின்சீட்டிலிருந்து தட்டு எகிறியது. யாருக்கும் அடியில்லை. ஆரஞ்சுகள் மட்டும் சீட்டுக்குக் கீழே உருண்டுகொண்டிருந்தன.

லாரி ஓரம் கட்டியது. டிரைவர் ஒரு தமிழர், ஓடி வந்தார். “என்னாச்சு அண்ணே? நல்லாத்தானே போய்ட்டிருந்தீங்க?”

“நீதானடா இடிக்கிற மாதிரி ஹாரன் அடிச்ச!” என்றார் அப்பா.

“நானா? ஐயோ, நான் முனிக்குல்ல அடிச்சேன்! உங்களுக்கு எதுக்கு அடிக்கிறேன்?” பிறகு பலகையைப் பார்த்தார்.

தோட்டச் சந்திப்பில் எங்களுக்காகக் காத்திருந்த தாய்மாமன், நேரமாகிறதே என்று மோட்டார்சைக்கிளில் தேடிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். வண்டியை நிறுத்திவிட்டு முதலில் காரைப் பார்த்தார். அடுத்து பலகை. கடைசியாக அண்ணன்.

அண்ணன் அவரிடம் போய் நின்றார். தன் தோளை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். அப்பாவைக் காட்டினார். ஸ்டியரிங்கைக் காட்டினார். அவ்வளவு தெளிவாக அவர் சொல்லி நான் பார்த்ததில்லை.

“என்னா சொல்றாரு?” மாமா அப்பாவைக் கேட்டார்.

“தப்பு நடந்துருச்சு, மன்னிச்சுக்குங்கன்னு சொல்றான்.”

“இல்லைங்க” என்றேன். “அப்பா தோளைப் புடிச்சு இழுத்தாரு, அதனாலதான் வண்டி எறங்குச்சுன்னு சொல்றாரு. அதான் நடந்துச்சு. இந்த லாரிக்கார அண்ணன் முனிக்கு ஹாரன் அடிச்சாரு, அப்பா பயந்துட்டாரு.”

லாரிக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. வேட்டியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

மாமா லாரிக்காரரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நானும் தெனம் இங்க அடிக்கிறேன் தம்பி. நீங்க பொய் சொல்லல. ஆனா அப்பா எதுக்குத் தோளைப் புடிச்சாரு? இவருக்குக் காது கேக்காதுன்னுதானே? சுத்தி அங்கதான வந்து நிக்குது?”

எனக்குப் பதில் தெரியும். சொல்லவும் சொன்னேன். காரில் வந்த மற்ற மூன்று பேருக்கும் காது கேட்கும், கேட்டதால்தான் பயம் வந்தது என்றேன். அதற்குள் நான்கைந்து பேர் கூடிவிட்டிருந்தார்கள். ஒருவர் பலகையைச் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொருவர், “செவிட்டுக் காராம்லா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதன் பிறகு நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லோங்காங்கில் இறங்கினார். அவரும் லாரிக்காரரும் நானும் தள்ள, அண்ணன் ரிவர்ஸ் எடுத்தார். கார் ஏறியது. மாமாவின் புதுச் சட்டையில் சேறு. அம்மா நீட்டிய தட்டை அவர் தொடவில்லை.

“வீட்டுக்குப் போங்கக்கா. நல்ல நேரமும் போயிருச்சு. புள்ள சேலை கட்டிட்டு ஒக்காந்திருக்கு. நான் போய்ச் சொல்லிக்கிறேன்.”

அண்ணன் ஸ்டியரிங்கைத் திருப்பி நெஞ்சில் விரல் வைத்தார்.

“இது என்னா?” என்றார் மாமா.

“பொண்ணுகிட்ட யாரு சொல்வாங்கன்னு கேக்குறாரு” என்றேன்.

“நான்தான்” என்று தன் நெஞ்சைத் தொட்டார் மாமா. அண்ணனுக்குப் புரிந்தது.

மோட்டார்சைக்கிள் போன பிறகு அப்பா பலகைக்குப் பக்கத்தில் குனிந்தார். அண்ணன் காரின் பின்பெட்டியைத் திறந்து பிளையரை எடுத்து வந்தார். அப்பாவின் கையை விலக்கிவிட்டுக் கம்பியைத் துண்டித்தார். பலகையை வீசவில்லை. பின்பெட்டிக்குள், ஸ்பேர் டயரின் மேல், எழுத்து கீழே இருக்கும்படி வைத்து மூடினார். கூடியிருந்தவர்கள் அதுவரை நின்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள்.

அப்பா தானாகவே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் முன்னால். அண்ணன் மூன்று கண்ணாடிகளையும் பார்த்தார், வலப்பக்கம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், காரை ஈப்போ பக்கம் திருப்பினார். முனீஸ்வரர் கொட்டகையைத் தாண்டும்போது அண்ணன் உள்ளங்கையால் மூன்று முறை ஹாரன் அடித்தார்.